இரண்டு முறை போன மோட்டார்

— பிறகு?

— பிறகு என்னண்ணே. பல் விளக்குறேன். கேத்தல்ல தண்ணி வெக்கிறேன். சட்டைய அயர்ன் பண்றேன். தண்ணி கொதிக்கிறதுக்குள்ள தட்டைத் தொடைச்சு, ஊசியத் தொடைச்சு, தாரணி பாட்டைப் போடுறேன். பாட்டு முடியும். பாலில்லாம தே ஓ கலக்கிக் குடிக்கிறேன். மோட்டார் சைக்கிளை எடுக்குறேன். பத்து பெரண்டாம் ஊருக்குப் போறேன். கிலாங் ஃபேக்டரி வாசல்ல கார்டு தட்டுறேன்.

— தெனமுமா?

— ஞாயித்துக்கெழமை கார்டு தட்டுறது இல்ல.

— நான் பாட்டைக் கேட்டேன்லா, புவன். தெனமும் அந்தத் தட்டைப் போடுறியா?

— தெனமும்.

— அலாமாக். மாசத்துக்கு ஒரு தடவைன்னு அட்டையிலேயே எழுதிக் குடுத்தேன்ல. அது எங்கயோ ஆயிரக்கணக்குல அச்சடிச்ச இசைத்தட்டு இல்லலா. இந்த ஹரிதாஸ் இதே தட்டு வெட்டுற லேத்துல ஒக்காந்து ஒண்ணே ஒண்ணு வெட்டினது. ஊசி ஒவ்வொரு தடவை ஓடுறப்பவும் ஒன் பொண்டாட்டி குரல் கொஞ்சம் தூளாப் போவுது.

— தெரியுது. இப்பவே சில எடத்துல கரகரங்குது.

— பாத்தியா.

— அதான் வந்தேன். இன்னொரு தட்டு வெட்டிக் குடுங்க.

— வெட்டலாம்லா. ஒனக்கு இல்லாததா. அடுத்த மாசம் கொஞ்சம் வேலை கொறையட்டும்.

— இன்னிக்கு. டேப்பை மெஷின்ல மாட்டுங்க, லேத்தை ஓட விடுங்க. நான் இங்கயே ஒக்காந்து பாக்குறேன்.

— நீ எதுக்குப் பாக்கணும்?

— டேப்லேருந்து நேரா தட்டு, நடுவுல கம்ப்யூட்டரே இல்லன்னு நீங்கதான சொல்லுவீங்க. கண்ணால பாக்க ஆசை.

— ஆசையா, சந்தேகமா?

— ரெண்டும்.

— போனை எடுத்து மேசை மேல வை.

— ஏன்?

— வைலா. பதிவு பண்றியா என்னான்னு எனக்குத் தெரியணும். ம். சரி. இப்ப சொல்லு, தேவன் அனுப்பினானா?

— தேவன் ஏன் அனுப்பணும்?

— மெர்லிமாவ்ல வீட்டுக் கூடத்துல அலமாரி ஒசரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் வாங்கி வெச்சதுலேருந்து அவன் காதுதான் காதுன்னு திரியுறான். டிஜிட்டல்தான் சுத்தமாம். தட்டுல வர்றது அழுக்காம். அந்த அழுக்கைத்தான் நாம உயிருன்னு சொல்றோமாம். என் பொழப்பைக் கெடுக்கணும்னே பேசுறான்லா.

— அவர் அனுப்பல. ஆனா ஆரம்பிச்சது அவர் வீட்லதான். போன ஞாயித்துக்கெழமை நம்ம தட்டு ரசிகருங்க கூட்டம். நீங்க வரல.

— லேத்துல பெல்ட் அறுந்து போச்சு.

— வழக்கமான சண்டைதான். அனலாக்கா, டிஜிட்டலா. பேசிப் பேசி யாரும் வடையைக்கூடத் தொடல. கடைசியில தேவன் சொன்னாரு, கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேப்போம், எந்தத் தட்டு டேப்லேருந்து வெட்டினது, எது கம்ப்யூட்டர்லேருந்து வெட்டினதுன்னு சொல்லுவோம், தப்பாச் சொல்றவன் இனிமே வாயைத் தொறக்கக்கூடாதுன்னு.

— அவனே மொதல்ல மூடியிருப்பான்.

— நான் தாரணி தட்டை எடுத்துட்டுப் போயிருந்தேன்.

— அந்தத் தட்டையா? அங்கயா? அதை ஏன்லா ஊர் முழுக்கத் தூக்கிட்டு அலையுற?

— ஏன் கோவப்படுறீங்க?

— கோவம் இல்ல. தேயும்னு சொல்றேன். சரி, என்ன சொன்னாங்க?

— அத்தனை பேரும் டேப்புன்னு கை தூக்கினாங்க. தேவன் உட்பட.

— தேவனா?

— கண்ணைக் கட்டியிருந்த துணியக்கூட அவுக்காமச் சொன்னாரு. இது ஒண்ணு மட்டும் நான் ஒத்துக்கிறேன், இது டேப்புதான்னு. பாட்டுக்குப் பின்னால ஒரு மோட்டார் போகும்ல. அது தெருக்கோடியில திரும்புறது வரைக்கும் கேக்குது, டிஜிட்டல்ல இப்படி வரவே வராதுன்னாரு.

— நான் எத்தனை வருஷமாச் சொல்றேன். காத்துலா, புவன். டேப்புல காத்து இருக்கும். கம்ப்யூட்டர் என்னா பண்ணுது? மரவள்ளிக் கெழங்கை சீவுற மாதிரி சத்தத்தை மெல்லிசு மெல்லிசா சீவுது. மறுபடியும் அதை அடுக்கி வெச்சு, இந்தா கெழங்குங்குது. பாத்தா கெழங்குதான். வாயில வெச்சாத்தான் தெரியும்.

— சீவி அடுக்கினதுன்னா கண்டுபிடிச்சிறலாமா?

— காது இருக்கிறவன் கண்டுபிடிப்பான்.

— இந்தத் தட்டுல பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டேப் இரைச்சல் இல்லண்ணே. குழியில விழுந்த மாதிரி அமைதியா இருக்கு.

— டேப்புக்கு முன்னால வெறும் காகித நாடாவை ஒட்டியிருப்பேன். அதுல இரைச்சல் வராது. பழைய காலத்துல எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க.

— சரி. டேப்பை சுத்தி வெச்சா ஒரு சுத்தோட சத்தம் அடுத்த சுத்துல ஒட்டிக்கும், பாட்டு வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடியே பேய் மாதிரி லேசாக் கேக்கும்னு சொல்லிக் குடுத்தீங்க. இதுல அந்தப் பேயும் இல்ல.

— டேப்போட வாலை, முடியுற பக்கத்தை, வெளிய வெச்சு சுத்தினா பேய் முன்னால வராது, பின்னால வரும். பாட்டுச் சத்தத்துல அமுங்கிப் போயிரும். இன்னும் என்னா இருக்கு? பரீட்சை வைக்கவா வந்த?

— எல்லாத்துக்கும் பதில் தயாரா வெச்சிருக்கீங்க.

— தொழில்லா.

— அப்ப இதுக்கும் சொல்லுங்க. அந்த மோட்டார் ரெண்டு தடவை போகுது.

— என்னா?

— பாட்டு ஆரம்பத்துல பல்லவி வருதுல்ல, அதுல ஒரு தடவை. கடைசியில அதே பல்லவி திரும்ப வர்றப்ப ஒரு தடவை.

— இது தெங்கேராலா. வெளிய எட்டிப் பாரு. மோட்டார் போகாம யானையா போகும்?

— ரெண்டும் ஒரே மோட்டார்.

— ஒரே மாதிரி மோட்டார்னு சொல்லு.

— ஒரே மோட்டார்ணே. அவ ரெண்டாவது வரியை இழுக்கிறப்ப வருது. மூச்சு எடுக்குற எடத்துல கியர் மாறுது. செயின் ஒரு தடவை கவர்ல அடிக்குது. ரெண்டு பல்லவியிலயும் அதே எடத்துல, அதே அடி. கிலாங்குல எனக்கு வேலையே அதுதான். ஒரே மாதிரி இருக்க வேண்டிய சாமான்ல எது வேறன்னு பாக்குறது. இங்க தலைகீழ். வேறயா இருக்க வேண்டியது ஒரே மாதிரி இருக்கு.

— அத்தனை பேர் காதுலயும் விழாதது ஒனக்கு மட்டும் விழுந்துச்சா?

— அவங்க மோட்டாரை ரசிச்சாங்க. நான் எண்ணினேன்.

— வீட்ல தெனமும் கேட்டியே, அப்ப எங்க போச்சு காது?

— கடைசிப் பல்லவி வர்றப்ப கேத்தல் கொதிச்சுக்கிட்டு இருக்கும்.

— ம். ராகினி, ரெண்டு தே ஓ கொண்டா.

— தே வேணாம். பதில் சொல்லுங்க.

— என்னாலா பதில்? ஒருத்தன் ரொட்டி வாங்கப் போறான். கடை மூடியிருக்கு. திரும்பி வர்றான். மோட்டார் ரெண்டு தடவை போகாதா?

— திரும்பி வந்தா எதிர்ப்பக்கத்துலேருந்து வரணும். ரெண்டு தடவையும் ஒரே பக்கம் போகுது.

— ஒருவழிப் பாதைலா. சுத்திக்கிட்டு வந்திருப்பான்.

— அந்த மோட்டார் சுத்திக்கிட்டு வரல.

— ஓட்டினவன் ஒங்கிட்ட வந்து சொன்னானா?

— ஓட்டினது நான்.

— என்னா சொன்ன?

— என் மோட்டார். செயின் கவர்ல ஒரு ஆணி இல்ல, இன்னிக்கு வரைக்கும் போடல. வாசல்லதான் நிக்குது, வேணும்னா ஓட்டிக் காட்டுறேன். அந்தச் சனிக்கெழமை இந்தத் தெருவுல நான் ஒரு தடவைதான் போனேன். திரும்பிப் பாக்கல. பெரிய ரோட்டைப் புடிச்சு நேரா வீட்டுக்குப் போயிட்டேன்.

— இந்தப் பக்கம் ஒனக்கு என்னா வேலை?

— அவ பின்னால வந்தேன்.

— தம்பி, சூடா இருக்கு, பாத்துப் புடிங்க. யாரு பின்னால யாரு வந்தா?

— ஒண்ணும் இல்ல ராகினி. நீ உள்ள போ.

— இந்தக் கடையில ஒண்ணும் இல்லன்னா யாருக்கோ கரண்ட் அடிச்சிருக்குன்னு அர்த்தம். ரெண்டு பேர் மூஞ்சியும் அப்படித்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க தம்பி.

— சனிக்கெழமையானா தையல் கிளாஸ்னு சொல்லிட்டுப் போவா அண்ணி. கையில துணி இருக்காது. வந்ததும் படுத்துருவா. ஒரு கைக்குட்டை தைச்சு நான் பாத்ததில்ல. ஒரு நாள் அவ ஏறின பஸ் பின்னாலயே வந்தேன். தெங்கேராவுல எறங்கினா. ஓரமா நின்னு ஒரு சிகரெட் முடியுற வரைக்கும் யோசிச்சேன். பிறகு இந்தப் பக்கம் வந்தேன். இந்த வாசல்ல அவ செருப்பு கெடந்துச்சு. ஷட்டர் பாதிக்கு எறங்கியிருந்துச்சு.

— பதிவு பண்றப்ப எறக்குவேன்லா. தெருச் சத்தம் உள்ள வரக்கூடாது.

— அது அப்ப எனக்குத் தெரியாது.

— உள்ள வந்து கேட்டிருக்கலாமே தம்பி. நானும்தான் இங்க இருந்தேன். சனிக்கெழமை மத்தியானம் நான் எங்க போறேன்?

— கேக்கல.

— வீட்லயாவது?

— கேக்கல. கொஞ்ச நாள் பேசாம இருந்தேன். அவளும் ஏன்னு கேக்கல. பிறகு என் பொறந்த நாளைக்கு இந்தத் தட்டைக் குடுத்தா. பாலர் பள்ளிப் பிள்ளைங்களுக்காக அவளே கட்டின பாட்டு. நான் பேசினா ஒங்களுக்குக் கேக்காது, தட்டு பேசினாத்தான் கேக்கும்னா. அண்ணன் பக்கத்துல நின்னாரு. ஒரே சனிக்கெழமை, ஒரே மூச்சு, ஒரு தப்பு இல்லாமப் பாடினா, டேப்லேருந்து அப்படியே வெட்டிட்டேன்னாரு.

— சொன்னேன்.

— அன்னிக்கு எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

— இப்ப என்னாச்சு?

— ஒரே சனிக்கெழமைன்னா, மத்த சனிக்கெழமையெல்லாம் அவ எங்க போனா?

— புவன், இங்க பாரு.

— நீங்க பாருங்கண்ணே. ஒரே மூச்சுல பாடினாங்கிறது உண்மையா இருந்தா, தாரணி எங்கிட்ட பொய் சொல்லிட்டு வாராவாரம் வேற எங்கயோ போயிருக்கா. அது பொய்யா இருந்தா, அவ எல்லா வாரமும் இங்கதான் வந்திருக்கா. ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும். எதுன்னு சொல்லுங்க, நான் கெளம்பிடுறேன்.

— போய்ச் சேந்த பொண்ணைப் பத்தி இப்படிப் பேசலாமா?

— அவகிட்ட கேக்க முடியல. அதான் ஒங்ககிட்ட கேக்குறேன்.

— ஒரு நிமிசம். தம்பி, நெசமாச் சொல்லுங்க. இந்த மனுசன் மேலயா சந்தேகப்பட்டீங்க?

— அண்ணி, நான் அப்படிச் சொல்லல.

— சொல்லிட்டாலும் எனக்குக் கோவம் வராது, சிரிப்புத்தான் வரும். கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரு என் கையை விட ஆம்ப்ளிஃபயரைத்தான் ஜாஸ்தி தொட்டிருக்காரு. அதுலயும் கையக் கழுவிட்டுத் தொடுவாரு.

— யாரு மேலன்னே தெரியல அண்ணி. தெரிஞ்சா இவ்வளவு கஷ்டம் இல்ல.

— ராகினி, உள்ள போன்னு சொன்னேன்.

— நான் போகப் போறது இல்ல. நீங்க அந்தப் புள்ளைக்குப் பதில் சொல்லுங்க.

— டேப்பைக் காட்டுங்கண்ணே. ஒரே மூச்சுல பாடின டேப்பு. அது ஒண்ணு போதும்.

— டேப்பு இல்ல.

— ஏன் இல்ல?

— புது டேப்பு இப்ப எங்கலா கெடைக்குது? அது மேலயே வேற ஒரு கல்யாண வாழ்த்தைப் பதிவு பண்ணிட்டேன்.

— நீங்களா? கூட்டத்துல ஒருத்தர் பழைய டேப்பை அழிச்சிட்டாருன்னு அவர் வீட்டுக் கல்யாணத்துக்கே நீங்க போகல.

— ஈரம் வேறலா. பூஞ்சை புடிச்சிருந்துச்சு.

— அழிச்சீங்களா, பூஞ்சை புடிச்சுதா?

— மொதல்ல பூஞ்சை புடிச்சுது, பிறகு அழிச்சேன்.

— பூஞ்சை புடிச்ச டேப்புல கல்யாண வாழ்த்தா?

— நீ என்னா போலீஸா? வெளிய போர்டைப் பாத்தியா? முழுக்க முழுக்க டேப், கம்ப்யூட்டர் கெடையாது. நானே பெயின்ட் அடிச்சது. ஒன் தட்டைப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் சிரம்பான்லேருந்து ஆள் வர்றான், ஜொகூர்லேருந்து வர்றான். தாரணி தட்டு மாதிரியே வேணும்ங்கிறான். அது டேப்பு இல்லன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா நான் நாளைக்கு இந்த ஷட்டரை ஏத்தவே வேணாம். அந்த தேவன் ஒருத்தன் போதும், மூவார் வரைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

— அப்ப அது டேப்பு இல்ல.

— நான் அப்படிச் சொல்லல.

— இப்பத்தான் சொன்னீங்க.

— வாயைப் புடுங்காதலா.

— என்னாங்க, போர்டை மறுபடி எழுதிக்கலாம். அவ பேரை எப்படி எழுதுவீங்க? வாராவாரம் எங்கயோ சுத்தினவள்னு இந்தத் தம்பி மனசுல எழுதிக்கிட்டாருன்னா அதை யாரு அழிக்கிறது? சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்.

— சத்தியம் பண்ணியிருக்கேன், ராகினி. ஒனக்குத் தெரியாதா?

— இவரு நிம்மதியா இருக்கணும்னுதான அந்தச் சத்தியத்தை வாங்கினா. பாருங்க இவரு மூஞ்சிய. நிம்மதியாவா இருக்காரு?

— என்ன சத்தியம்?

— கம்ப்யூட்டர்ல ஒட்டினதுதான், புவன்.

— எது?

— எல்லாம். டேப்லதான் பதிவு பண்ணேன், அது பொய் இல்ல. ஆனா பல சனிக்கெழமைலா. ஒரு வரி பாடுவா, நிறுத்துவா. அடுத்த வரிக்குக் காத்துக்கிட்டு இருப்போம். சில நாள் அந்த அடுத்த வரி வரவே வராது. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுன்னு போயிருவா. அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். வரி வரியா வெட்டினேன். இருமலை எடுத்தேன். இளைப்பை எடுத்தேன். எடுத்துட்டு அடுக்கினேன்.

— கெழங்கு மாதிரி.

— கெழங்கு மாதிரி. பல்லவிய முழுசா அவளால ஒரே ஒரு தடவைதான் பாட முடிஞ்சுது. அதையே முன்னாலயும் ஒட்டினேன், பின்னாலயும் ஒட்டினேன். மோட்டாரை எடுத்தா அவ குரலோட ஓரமும் சேந்து போவுது. யாரு எண்ணப் போறான்னு விட்டுட்டேன்.

— அப்ப இங்கதான் வந்திருக்கா.

— இங்கதான் வந்தா. எல்லா வாரமும்.

— சரி.

— சரிதான? இப்ப தேயைக் குடி. ஆறிப் போச்சு.

— இருமல்னு சொன்னீங்க.

— ம்.

— அவளுக்கு இருமல் தீபாவளிக்குப் பிறகுதான் வந்துச்சு. என் பொறந்த நாள் அதுக்கு ரொம்ப முன்னாடி.

— வீட்ல அடக்கியிருப்பாலா.

— எப்படி அடக்குறது? ஒரே வீடு. ஒரே ரூம்.

— கொழாயைத் தொறந்து விட்டுட்டு இருமுவேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கா தம்பி.

— அண்ணி, நீங்க என்ன சொல்றீங்க?

— ஸ்பெஷலிஸ்ட் சனிக்கெழமை காலையில பாப்பாரு. வரச் சொல்ற வாரம் நான்தான் கூட்டிட்டுப் போவேன். காலையில அங்க, மத்தியானம் இங்க. நுரையீரல்ல பரவியிருக்குன்னு சொன்ன அன்னிக்கும் இங்கதான் வந்தா. மூஞ்சியக் கழுவினா. மைக்கை வைங்கண்ணே, இன்னிக்கு ரெண்டாவது வரியை முடிச்சிருவோம்னா.

— ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

— தெரியும்.

— அவங்கம்மாவுக்கு?

— தெரியாது. யாருக்கும் தெரியாது. எங்க ரெண்டு பேருக்கும்தான்.

— நான் அவகூட ஒரே கட்டில்ல படுத்திருந்தேன்.

— ஆமா தம்பி.

— ஏன் எங்கிட்ட சொல்லல? நான் பேசாம இருந்தேனே, அதனாலயா?

— சொல்லுன்னு வாராவாரம் சண்டை போட்டேன். பிறகு சொல்றேன், தட்டு முடியட்டும்னு தள்ளிக்கிட்டே போனா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

— ஆஸ்பத்திரியில மாஸ்க் போட்டிருந்தாங்க. வாய் அசைஞ்சுது. எனக்கு ஒண்ணும் கேக்கல. கடைசியா என்ன சொன்னான்னு அவங்கம்மா கேட்டாங்க. பாத்துப் போங்கன்னு சொன்னான்னு நானா ஒண்ணைச் சொன்னேன். அதையே இப்ப எல்லாரும் சொல்லிக்கிறாங்க. கருமாதியில ஐயர்கூடச் சொன்னாரு. நெசமா அவ என்ன பேசினான்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட இருக்குறது இந்தத் தட்டு ஒண்ணுதான். அதுவும் நீங்க அடுக்கினது.

— பாடினது அவதான் புவன். நான் ஒரு எழுத்தைக்கூடச் சேக்கல. எடுக்க மட்டும்தான் செஞ்சேன்.

— எடுத்ததெல்லாம் எங்க?

— அதான் சொன்னேன்ல, பூஞ்சை.

— டேப்பு இருக்கு தம்பி.

— ராகினி.

— பூஞ்சையும் இல்ல, கல்யாண வாழ்த்தும் இல்ல. உள்ள பீரோவுல, என் சேலைக்கு நடுவுல இருக்கு. ஈரம் வரக்கூடாதுன்னு ஒவ்வொரு பெட்டியிலயும் அரிசியை முடிஞ்சு போட்டு வெச்சிருக்காரு. என் பட்டுக்குக்கூட அந்த மரியாதை இல்ல.

— அழிச்சிட்டேன்னு எதுக்குச் சொன்னீங்க?

— அதுல பாட்டு மட்டும் இல்லலா. நான் நடுவுல மெஷினை நிறுத்த மாட்டேன். அவ பேசுறது, இருமுறது, தண்ணி கேக்குறது எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். நீ கேக்க வேணாம்னு நெனைச்சேன்.

— என்னைப் பத்தியா?

— ஒன்னைப் பத்தித்தான்.

— போடுங்க.

— நான் சொல்றதைக் கேளு. அவ ஒனக்குக் குடுக்க நெனைச்சது அந்தத் தட்டு. திணறாம, நல்லாப் பாடுற தாரணி. டேப்புல இருக்குறது அவ மறைக்க நெனைச்சது. எதை நீ வெச்சுக்கணும்னு அவ முடிவு பண்ணிட்டா. அதை நாம மாத்தலாமா?

— தட்டா, டேப்பா, எதுண்ணே அவ?

— அது தெரியாமத்தான் நானும் தேவனும் இத்தனை வருஷமா வடையை ஆற விட்டுக்கிட்டு இருக்கோம்.

— போடுங்கண்ணே. நான் போனேனே, அந்தச் சனிக்கெழமை.

— அதுதான் கடைசிச் சனிக்கெழமை. அதுக்குப் பிறகு அவ இங்க பாட வரல. அவ பேச்சு எங்கிட்ட இருக்குறதுல அதுதான் கடைசி.

— அதைத்தான் போடுங்க.

— ராகினி, பச்சை அட்டைப் பெட்டி. பாத்து எடு.

— எனக்குத் தெரியும். நீங்க போயி ஷட்டரை எறக்குங்க. தம்பி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒக்காருங்க. கிளாஸைக் கீழ வைங்க.

— வால்யூமைக் கொஞ்சம் ஏத்துங்க.

— வேணாம்லா. கேக்கும். இந்தா, ஓடுது. இது பல்லவி.

— முழுசாப் பாடுறா.

— இந்த ஒரு தடவைதான். ஒன் மோட்டார் இப்ப வரும். வந்துச்சா? போயிருச்சு. இனிமே இருமுவா. ரொம்ப நேரம் இருமுவா. கொஞ்சம் தள்ளி ஓட்டட்டுமா?

— வேணாம்.

— தம்பி, கேக்க முடியாது. எனக்கே முடியல.

— விடுங்க அண்ணி. தள்ளாதீங்கண்ணே. எவ்வளவு நேரம் இருமினாளோ அவ்வளவு நேரமும் ஓடட்டும்.

— சரி.

— இதைத்தான் எடுத்தீங்களா?

— இதைத்தான் எடுத்தேன்.

— இப்ப யாரோ தண்ணி ஊத்துறாங்க.

— நான்தான் தம்பி. குடிக்கிறா பாருங்க.

— அடுத்துப் பேசுறது என் குரல்லா. அதுக்கு அவ சொல்ற பதிலோட டேப்பு முடிஞ்சிரும். அமைதியாக் கேளு.

— “தாரணி, இப்பப் போனது புவன் மோட்டார் மாதிரி இருக்கும்மா. ஒன் செருப்பு வேற வாசல்ல கெடக்கு. அவன் மனசுல என்னென்ன நெனைப்பான்? ஓடிப்போய்க் கூப்பிட்டு உண்மையச் சொல்லிறட்டுமா?”

— “வேணாம்ணே, நெனைக்கட்டும். சந்தேகம்னா ரெண்டு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, படுத்தாத் தூங்கிருவாரு. இது தெரிஞ்சா மனுசன் தூங்கவே மாட்டாரு.”